வெப்ப அலைக் கணக்கில் வராத ஊர்கள்

சித்திரை பிறந்துவிட்டால் அறந்தாங்கியின் நடமாட்டம் காலைக்கும் மாலைக்கும் ஒதுங்கிக்கொள்கிறது. முற்பகல் பதினொரு மணிக்கெல்லாம் கடைத்தெரு ஓய்கிறது. பேருந்து நிலையத்தில் நிழல் விழும் பக்கமாகவே கூட்டம் நகர்கிறது. வசதியுள்ளவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்துவிடுகிறார்கள். அப்படி இருக்க முடியாதவர்களே எண்ணிக்கையில் அதிகம். சாரத்தில் நிற்கும் கொத்தனாரும் சித்தாளும், சுமைதூக்கும் தொழிலாளியும், தள்ளுவண்டியில் பழம் விற்பவரும், தென்னந்தோப்பில் மட்டை அள்ளும் பெண்களும், கண்மாய்க் கரையில் மண் சுமக்கும் ஊரக வேலைத் திட்டத் தொழிலாளர்களும், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரையோரங்களில் மீன் காயவைப்பவர்களும் அந்த வெயிலிலேயே நின்றாக வேண்டும்.

மறுநாள் நாளிதழில் முந்தைய நாளின் வெப்பப் பட்டியல் வெளியாகும். ஈரோடு, கரூர் பரமத்தி, வேலூர், திருத்தணி, மதுரை என்று நூறு டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டிய ஊர்கள் அதில் வரிசையாக நிற்கும். அந்தப் பட்டியலில் அறந்தாங்கியைத் தேடிக் காண்பது அரிது. அதனால் அங்கு வெயில் குறைவு என்று பொருள் கொள்ளலாமா? வெப்பத்தை எதிர்கொள்ள அரசு எடுக்கும் முயற்சிகள் அனைத்தும் இந்த ஒரு கேள்விக்கான விடையில்தான் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

தமிழ்நாடு எடுத்த முக்கிய அடி

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிட வேண்டும். 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதன்படி, வெப்ப அலையால் உயிரிழப்பவரின் குடும்பத்துக்கு ரூ.4 லட்சம் நிவாரணம் வழங்கப்படும். பாதிக்கப்பட்டோருக்கு மருத்துவ உதவி அளிப்பதற்கும், உப்பு-சர்க்கரைக் கரைசலுடன் தண்ணீர்ப் பந்தல்கள் அமைப்பதற்கும் மாநிலப் பேரிடர் நிவாரண நிதியைப் பயன்படுத்த வழி பிறந்தது.

இந்த அறிவிப்பின் அருமை, தேசிய அளவிலான நிலைமையோடு ஒப்பிட்டால்தான் புரியும். புயல், வெள்ளம், வறட்சி, நிலநடுக்கம், ஆழிப்பேரலை முதலான பேரிடர்களைக் கொண்ட மத்திய அரசின் நிவாரணப் பட்டியலில் அப்போது வெப்ப அலைக்கு இடம் தரப்படவில்லை. பட்டியலை விரிவாக்கக் கோரி மாநிலங்கள் வைத்த வேண்டுகோளை, இருக்கும் பட்டியலே பெருமளவு போதுமானது என்று கூறி 15-ஆவது நிதி ஆணையம் ஏற்க மறுத்தது. ஒரு மாநிலம் தன் நிவாரண நிதியில் 10 சதவீதம் வரை தானே அறிவிக்கும் உள்ளூர்ப் பேரிடர்களுக்குச் செலவிடலாம் என்ற விதிதான் மிச்சமிருந்த ஒரே கதவு. தமிழ்நாடு அந்தக் கதவைத் திறந்தது.

இதைத் தவிர வேறு முயற்சிகளும் உண்டு. மாநில காலநிலை மாற்ற இயக்கம் தொடங்கப்பட்டு, அதன் கீழ் மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் காலநிலை மாற்ற இயக்கங்கள் அமைக்கப்பட்டன. பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மரப்பரப்பை 33 சதவீதமாக உயர்த்தும் இலக்கோடு 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கியது. சென்னை பெரும்பாக்கத்தில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்புகளின் கூரைகளில் வெயிலைத் திருப்பியனுப்பும் பூச்சு பூசிப் பார்க்கப்பட்டது. 2025-ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சி, இணையவழி விநியோகத் தொழிலாளர்களுக்காகக் குளிரூட்டப்பட்ட ஓய்வறைகளைத் திறந்தது. கோடை கடுமையாக இருந்ததால் 2023, 2024 ஆகிய இரு ஆண்டுகளிலும் பள்ளித் திறப்பு தள்ளிவைக்கப்பட்டது.

இவை பெயரளவிலான முயற்சிகள் என்று எவரும் தள்ளிவிட முடியாது. ஆனால், சென்னையிலிருந்து அறந்தாங்கிவரை வரும்போது இவற்றில் எவை வந்து சேர்கின்றன என்பதுதான் கவலைக்குரியது. கல்லணைக் கால்வாயின் கடைமடை இந்தப் பகுதி. மேலே திறந்துவிடப்படும் தண்ணீர் மும்பாலை ஏரிக்கு வந்து சேருமா என்று காத்திருந்து பழகியவர்கள் இங்குள்ள உழவர்கள். அரசுத் திட்டங்களுக்கும் ஒரு கடைமடை உண்டு என்பது அவர்களுக்குப் புதிய செய்தியாக இராது.

இரண்டு வரையறைகளுக்கு நடுவே

வெப்ப அலை என்பது ஒரு தொழில்நுட்பச் சொல். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வரையறைப்படி, சமவெளிப் பகுதியில் அதிகபட்ச வெப்பநிலை குறைந்தது 40 டிகிரி செல்சியஸையும், கடலோரப் பகுதியில் 37 டிகிரியையும் தொட வேண்டும். அதோடு வழக்கமான அளவைவிடக் குறைந்தது 4.5 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். வெப்பநிலை 45 டிகிரியை எட்டிவிட்டால், வழக்கமான அளவோடு ஒப்பிட வேண்டிய தேவையில்லை. ஒரு வானிலை உட்கோட்டத்தில் குறைந்தது இரண்டு நிலையங்களில், தொடர்ந்து இரண்டு நாள்கள் இந்த நிலை நீடித்தால் இரண்டாம் நாளில் வெப்ப அலை அறிவிக்கப்படும்.

அறந்தாங்கியை இந்த அளவுகோலில் வைத்துப் பார்ப்போம். பாக் நீரிணைக் கடற்கரை இங்கிருந்து முப்பது, நாற்பது கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஊரைச் சமவெளி என்பதா, கடலோரம் என்பதா? எப்படிக் கொண்டாலும் கடற்காற்றின் ஈரம் வெப்பமானி காட்டும் எண்ணைச் சற்றுக் கீழேயே வைத்திருக்கும். அக்கம்பக்கத்துக் கடலோர வானிலை நிலையங்களான அதிராம்பட்டினத்துக்கும் தொண்டிக்கும் இதே இயல்புதான். கோடையில் எல்லா நாள்களுமே வெப்பமாக இருக்கும் ஊரில் 'வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடுதல்' என்ற நிபந்தனை நிறைவேறுவதும் கடினம்.

மனித உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள அறிந்த முதன்மையான வழி வியர்வை. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழியுமே தவிர ஆவியாகாது. வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்பக் குறியீட்டின்படி, 42 டிகிரி வெப்பமும் 20 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு நாள் உடலுக்கு ஏறத்தாழ 42 டிகிரியாகவே தெரியும். 36 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள நாளோ ஏறத்தாழ 48 டிகிரியாக உறைக்கும். முதல் நாள் நாளிதழின் முதல் பக்கத்துக்கு வரும். இரண்டாவது நாள் கடலோரத்துக்கான 37 டிகிரி வரம்பைக்கூடத் தொடாததால், எந்தப் பட்டியலிலும் இடம்பெறாமல் கடந்துபோகும்.

'புழுக்கம்' என்ற ஒரே சொல்லில் நம் மக்கள் இந்த வேறுபாட்டை என்றோ குறித்து வைத்திருக்கிறார்கள். வெயிலுக்கு ஒரு சொல், அனலுக்கு ஒரு சொல், புழுக்கத்துக்கு ஒரு சொல் என்று வைத்திருக்கும் மொழியில், அரசின் கணக்கேடு மட்டும் வெயிலை மட்டுமே எழுதிக்கொண்டிருக்கிறது. வானிலை ஆய்வுத் துறை 2023-ஆம் ஆண்டிலிருந்து சோதனை முறையில் வெப்பக் குறியீட்டையும் வெளியிட்டு வருவது நல்ல தொடக்கம். ஆனால், நிவாரணத்துக்கும் எச்சரிக்கைக்கும் அடிப்படையாக அந்தக் குறியீடு இன்னும் மாறவில்லை.

இது ஏட்டளவு விவாதமன்று. ரூ.4 லட்சம் நிவாரணம் பெற, வெப்ப அலையால்தான் மரணம் நேர்ந்தது என்று உரிய அதிகாரி சான்றளிக்க வேண்டும். வெப்ப அலையே அறிவிக்கப்படாத ஒரு வைகாசி நாளில், புழுக்கத்தில் மயங்கி விழுந்து இறந்த ஒரு சித்தாளின் குடும்பம் எந்தச் சான்றைக் கொண்டு எந்த அலுவலகத்துக்குப் போவது?

எண்ணப்படாத மரணங்கள்

வெப்பம் கொல்லும் விதம் புயல் கொல்லும் விதத்தைப் போன்றதன்று. புயலில் இறந்தவரைப் புயலில் இறந்தவர் என்று அனைவரும் அறிவர். வெப்பமோ பழைய நோய்களின் பெயரை அணிந்து வருகிறது. இதய நோயாளிக்கு மாரடைப்பு, சிறுநீரகம் பழுதுற்றவருக்குச் சிறுநீரகச் செயலிழப்பு, முதியவருக்கு 'வயது மூப்பு' என்றே இறப்புச் சான்றில் எழுதப்படும். நேரடி வெப்பவாதத்தால் இறப்போர் இந்தக் கூட்டத்தில் மிகச் சிறிய பகுதியினர்.

அரசின் கணக்குகளே ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2022-ஆம் ஆண்டில் வெப்பத்தாக்கத்தால் 730 பேர் இறந்ததாகப் பதிவுசெய்தது. அதே ஆண்டுக்குச் சுகாதாரத் துறை வழியாகத் திரட்டப்பட்ட எண்ணிக்கை இதில் ஒரு சிறு பங்குதான். 2024-ஆம் ஆண்டு மார்ச் முதல் ஜூன் நடுப்பகுதிவரை நாடு முழுவதும் 40 ஆயிரத்துக்கும் அதிகமானோர் வெப்பவாத அறிகுறிகளுடன் கண்டறியப்பட்டதாகவும், 110 பேர் இறந்ததாகவும் மத்திய சுகாதார அமைச்சகத்தின் புள்ளிவிவரம் கூறியது. 140 கோடி மக்கள் வாழும் நாட்டில், மிகக் கடுமையான ஒரு கோடையின் உயிர்ச்சேதம் இவ்வளவுதான் என்பதை நம்புவதற்கு மிகுந்த மனத்திடம் வேண்டும்.

இதற்கு விடை கண்ட நகரம் ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. 2010-ஆம் ஆண்டு மே மாதத்தில் அகமதாபாத்தை ஒரு கொடிய வெப்ப அலை தாக்கியது. ஆய்வாளர்கள் வெப்பவாத மரணங்களை மட்டும் தேடவில்லை. அந்த மாதத்தில் எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த மொத்த மரணங்களையும் மற்ற ஆண்டுகளின் மே மாதத்தோடு ஒப்பிட்டார்கள். 1,344 மரணங்கள் கூடுதலாக நேர்ந்திருப்பது தெரியவந்தது. அந்த எண் கண்ணெதிரே வந்த பிறகுதான் 2013-ஆம் ஆண்டில் தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டத்தை அந்த மாநகராட்சி வகுத்தது. முன்னெச்சரிக்கை, மருத்துவப் பணியாளர்களுக்குப் பயிற்சி, குடிநீர், பொதுமக்களுக்கான விழிப்புணர்வு எனப் பெரும் செலவில்லாத நடவடிக்கைகளே அதில் இருந்தன. திட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு ஆண்டுக்குச் சராசரியாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரணங்கள் தவிர்க்கப்பட்டதாகப் பின்னர் வந்த ஆய்வு மதிப்பிட்டது.

இந்தக் கணக்கைப் போடுவதற்குப் புதிய கருவிகள் எவையும் தேவையில்லை. அறந்தாங்கி நகராட்சியிலும் சுற்றியுள்ள ஊராட்சிகளிலும் இறப்புகள் நாள்வாரியாகப் பதிவாகின்றன. கடந்த பத்தாண்டுகளின் சித்திரை, வைகாசி மாத இறப்புகளை அந்தந்த நாளின் வெப்பத்தோடும் ஈரப்பதத்தோடும் பொருத்திப் பார்த்தால், இந்தப் பகுதியில் எந்த அளவைத் தாண்டும்போது மரணங்கள் கூடத் தொடங்குகின்றன என்பது தெரிந்துவிடும். அந்த அளவுதான் புதுக்கோட்டை மாவட்டத்துக்கான உண்மையான வெப்ப அலை வரம்பு. சென்னையிலோ தில்லியிலோ அதைத் தீர்மானிக்க இயலாது.

புதுதில்லியில் உள்ள கொள்கை ஆய்வு மையம் 2023-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 37 வெப்பச் செயல்திட்டங்களை ஆராய்ந்தது. அவற்றில் பத்துத் திட்டங்கள் மட்டுமே உள்ளூருக்கு ஏற்ற வெப்ப வரம்பை வகுத்திருந்தன. யார் அதிகம் பாதிக்கப்படுவார்கள் என்பதை முறையாக மதிப்பிட்டிருந்தவை இரண்டே இரண்டு. நிதி எங்கிருந்து வரும் என்பதைப் பற்றிப் பேசியவை பதினொன்று. அவற்றிலும் பெரும்பாலானவை, துறைகள் தங்கள் பணத்திலேயே பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டன. இடத்தையும் ஆளையும் பணத்தையும் குறிப்பிடாத திட்டம் ஒரு சுற்றறிக்கையாகவே முடியும்.

மகனுக்கு ஒரு சட்டம், தாய்க்கு ஒன்று

அறந்தாங்கி வட்டாரத்திலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் வேலைக்குச் சென்றவர்கள் ஏராளம். சிங்கப்பூரில் 2023-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் திறந்தவெளி வேலையிடங்களுக்கான வெப்பப் பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வந்தன. வெப்பம், ஈரப்பதம், காற்று, வெயிலின் கடுமை ஆகியவற்றைச் சேர்த்து அளக்கும் ஈரக்குமிழ்க் கோளக் குறியீடு 32 டிகிரியை எட்டினால், கடும் உடலுழைப்பில் ஈடுபடுவோருக்கு மணிக்குப் பத்து நிமிடம் நிழலில் ஓய்வு தர வேண்டும். 33 டிகிரியை எட்டினால் பதினைந்து நிமிடம். கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை பத்து மணியிலிருந்து மாலை மூன்றரை மணிவரை திறந்தவெளி வேலைக்குத் தடை உள்ளது. நம் அண்டை மாநிலமான கேரளத்தில் தொழிலாளர் துறை ஒவ்வொரு கோடையிலும் நண்பகல் பன்னிரண்டு முதல் மூன்று மணிவரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என ஆணை பிறப்பித்து, வேலை நேரத்தை மாற்றியமைக்கிறது.

ஆக, சிங்கப்பூர்க் கட்டுமானத்தில் நிற்கும் மகனுக்குச் சட்டப்படி கிடைக்கும் நிழல், ஊரில் அதே புழுக்கத்தில் செங்கல் சுமக்கும் தாய்க்குக் கிடைப்பதில்லை. அவருடைய ஓய்வு மேஸ்திரியின் மனநிலையைப் பொறுத்தது. தன் வேலையின் விலையைத் தானே நிர்ணயிக்க முடியாதவர், தன் ஓய்வின் நேரத்தையும் நிர்ணயிக்க முடியாது.

இதன் விலை என்ன என்பதைத் தமிழ்நாட்டு ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2017-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டின் 800 கர்ப்பிணிப் பெண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவும் குழந்தை இறந்து பிறத்தலும் நேரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. உப்பளத் தொழிலாளர்களிடையே அவர்கள் நடத்திய மற்றோர் ஆய்வில், பெரும்பாலானோர் பாதுகாப்பான வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்வதும், ஒரு பகுதியினரின் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருப்பதும் தெரியவந்தன. சிறுநீர் கழிக்க மறைவிடம் இல்லாததால் பெண்கள் வேலையிடத்தில் தண்ணீரே குடிக்காமல் இருப்பது நாடறிந்த வழக்கம். 'நிறையத் தண்ணீர் குடியுங்கள்' என்று அறிவுரை சொல்லும் சுவரொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கழிப்பறை இல்லையென்றால், அந்த அறிவுரையால் அவருக்குப் பயனில்லை.

ஊரக வேலைத் திட்டத்தைப் பொறுத்தவரை விதி ஏற்கெனவே இருந்தது. 2005-ஆம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டம் வேலையிடத்தில் குடிநீரும், நிழலும், முதலுதவியும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும் இருக்க வேண்டும் என்று வகுத்தது. திட்டத்தின் பெயர் மாறலாம், சட்டம் மாறலாம். அரசே வேலை கொடுப்பவராக இருக்கும் இடத்தில் நிழலை உறுதிசெய்யாத அரசு, தனியார் முதலாளியிடம் அதைக் கேட்கும் தகுதியை இழந்துவிடுகிறது. ஆகவே, தொடக்கம் அங்கிருந்துதான் அமைய வேண்டும்.

வேலையை நிறுத்தினால் கூலி போகும் என்ற அச்சம் உண்மையானது. 2030-ஆம் ஆண்டில் வெப்பத்தால் இந்தியா தன் வேலை நேரத்தில் 5.8 சதவீதத்தை, அதாவது 3.4 கோடி முழுநேர வேலைகளுக்கு ஈடானதை இழக்கும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019-ஆம் ஆண்டில் கணித்தது. அந்த இழப்பை இப்போது தனித்தனித் தொழிலாளர்களே சுமக்கிறார்கள். குஜராத்தில் சுயதொழில் புரியும் மகளிர் சங்கமான 'சேவா' இதற்கொரு வழியைச் சோதித்துப் பார்த்தது. வெப்பநிலை குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், மருத்துவச் சான்றோ விண்ணப்பமோ கேட்காமல் உறுப்பினரின் வங்கிக் கணக்குக்கு இழப்பீடு போய்ச் சேரும் காப்பீடு அது. 2023-ஆம் ஆண்டில் 21 ஆயிரம் பெண்களுடன் தொடங்கிய இத்திட்டத்தில், 2024-ஆம் ஆண்டு கோடையில் ஏறத்தாழ 46 ஆயிரம் பெண்கள் தொகை பெற்றார்கள். தொகை சிறியதுதான். ஆனால், மிகக் கொடிய நாளில் வீட்டில் இருக்கும் உரிமையை அது அவர்களுக்கு வாங்கித் தந்தது. நலவாரியங்களைப் பல பத்தாண்டுகளாக நடத்திவரும் தமிழ்நாட்டுக்கு, அதே ஏற்பாட்டை வாரியங்களின் வழியாகச் செய்வது எட்டாத காரியமன்று.

கஜா கொண்டுபோன நிழல்

வெப்பத்தைப் பற்றிப் பேசும்போது இந்தப் பகுதி 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஐ மறக்க முடியாது. அன்று கரையைக் கடந்த கஜா புயல் புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. தென்னை, பலா, மா, வேம்பு என்று அன்று விழுந்த மரங்கள் வருமானத்தோடு சேர்த்து நிழலையும் கொண்டுபோயின. கீற்றுக் கூரைகள் பறந்துபோன இடங்களில் தகரமும் கல்நார் ஓடும் ஏறின. புயலுக்கு அஞ்சி எடுத்த முடிவு அது. அதன் விலையை ஒவ்வொரு கோடை இரவிலும் அந்த வீடுகளில் உறங்குவோர் செலுத்துகிறார்கள்.

குடிசைகளுக்கு மாற்றாக, 2030-க்குள் எட்டு லட்சம் கான்கிரீட் வீடுகளைக் கட்டித் தரும் 'கலைஞர் கனவு இல்லம்' திட்டத்தை 2024-ஆம் ஆண்டில் அரசு அறிவித்தது. 360 சதுர அடியில், ஒரு வீட்டுக்கு ரூ.3.5 லட்சம் செலவில் அமையும் இந்த வீடுகள் ஏழைகளுக்குப் பாதுகாப்பையும் மதிப்பையும் தருகின்றன என்பதில் ஐயமில்லை. ஆயினும், பகல் முழுதும் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் அதை இரவில் வீட்டுக்குள் இறக்கிவிடும். இரவில் உடல் குளிரவில்லை என்றால், அடுத்த நாள் வெயிலைத் தாங்கும் திறன் குறைந்துவிடும். தெலங்கானா அரசு 2023-ஆம் ஆண்டிலேயே குளிர்கூரைக்கெனத் தனிக் கொள்கை வகுத்திருக்கிறது. நம் வீடு கட்டும் திட்டத்திலும் கூரைக்கு வெண்பூச்சு, எதிரெதிர் சன்னல்கள், முன்புறம் ஒரு திண்ணையளவு நிழல், வாசலில் ஒரு வேப்பங்கன்று ஆகியவற்றைக் கட்டாயமாக்கினால், கூடுதல் செலவு சிறிதாகவும் பலன் ஒரு தலைமுறைக்கானதாகவும் இருக்கும். கட்டி முடித்த பின் எட்டு லட்சம் கூரைகளைத் திருத்துவதைவிடக் கட்டும்போதே சரியாகக் கட்டுவது எளிது.

இயற்கையான குளிர்மையும் இந்த மாவட்டத்தின் பழைய சொத்து. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்களும் ஏரிகளும் புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கின்றன. நீர் நிறைந்த கண்மாயும் கரையோர மரங்களும் சுற்றுப்புறத்தின் அனலைத் தணிக்கும். காய்ந்து, சீமைக்கருவேலம் மண்டிய கண்மாயால் அது ஆகாது. வில்லுனி ஆற்றங்கரையில் குளமங்கலம் ஐயனார் கோயிலைப் போல, மாவட்டமெங்கும் ஊர் எல்லைகளில் கோயில் காடுகள் பரவியிருக்கின்றன. வெட்டக் கூடாது என்ற ஊர்க்கட்டுப்பாட்டால் மட்டுமே அவை இதுநாள்வரை தப்பி நிற்கின்றன. மறுபுறம், வனத்துறை நிலங்களில் காகித ஆலைகளுக்காக வளர்க்கப்படும் தைல மரங்கள் நீரையும் நிழலையும் தருவதில்லை என்ற மனக்குறை இங்குள்ள உழவர்களிடம் நெடுங்காலமாக உள்ளது. மரப்பரப்பு 33 சதவீதம் என்ற இலக்கை எட்டுவதில், எந்த மரம், எங்கே, யாருக்கு நிழல் தருகிறது என்ற கேள்வி விடுபட்டுவிடக் கூடாது.

மக்கள் தாங்களே செய்ய முன்வருவார்கள் என்பதற்கு அண்டையிலேயே சான்று இருக்கிறது. கஜாவுக்குப் பிறகு 2019-ஆம் ஆண்டில் பேராவூரணி பெரிய ஏரியை, 'கைஃபா' எனப்படும் கடைமடைப் பகுதி ஒருங்கிணைந்த விவசாயிகள் சங்கத்து இளைஞர்கள் பொதுமக்களின் நன்கொடையைக் கொண்டே தூர்வாரினார்கள். 500 ஏக்கருக்கும் மேற்பட்ட ஏரி அது. அவர்கள் காட்டிய வழியில் சுற்றுவட்டாரத்தில் பல நீர்நிலைகள் உயிர்பெற்றன. சமூகத்தின் தாங்குதிறனை அரசு புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. இருப்பதைக் கண்டுகொண்டு, அதற்குப் பணமும் அதிகாரமும் கொடுத்தால் போதும்.

புயலிடம் கற்றதை வெயிலுக்குச் செய்வோம்

கடற்கரை மக்கள் புயலை எதிர்கொள்ளும் முறை ஒரு பாடம். துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்பதை வைத்தே எப்போது வலையைச் சுருட்ட வேண்டும், எப்போது பாதுகாப்பு மையத்துக்குப் போக வேண்டும் என்று அவர்கள் அறிவார்கள். கஜா கரையைக் கடப்பதற்கு முன்பே பல்லாயிரக்கணக்கானோர் பாதுகாப்பான இடங்களுக்கு மாற்றப்பட்டார்கள். எச்சரிக்கை, தங்குமிடம், பொறுப்பான அதிகாரி, ஒத்திகை என்ற நான்கு கால்களில் அந்த அமைப்பு நிற்கிறது. பல பேரழிவுகளில் பல உயிர்களைக் கொடுத்துத்தான் அதை நாம் கற்றோம்.

வெப்பத்துக்கு அந்த நான்கில் எதுவும் அறந்தாங்கி அளவில் உருப்பெறவில்லை. சித்திரையில் கட்சிகள் தண்ணீர்ப் பந்தல் திறக்கும். தலைவர்களின் படங்களோடு நீர்மோரும் தர்ப்பூசணியும் வழங்கப்படும். சில நாள்களில் பந்தல் மட்டும் நிற்கும், பானை வறண்டிருக்கும். அறமாகத் தொடங்கும் ஒன்றைக் கடமையாகத் தொடர்வதற்கு ஓர் அமைப்பு வேண்டும்.

அந்த அமைப்பை உருவாக்க அரசு செய்ய வேண்டியவை தெளிவானவை. முதலாவதாக, ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கம், இறப்புப் பதிவுகளைக் கொண்டு ஈரப்பதத்தையும் சேர்த்த ஒரு வெப்ப வரம்பைப் புதுக்கோட்டைக்கென வகுக்க வேண்டும். அந்த வரம்பைத் தாண்டும் நாள்களில், வெப்ப அலை முறைப்படி அறிவிக்கப்படாவிட்டாலும் நிவாரண விதிகள் செயல்பட வேண்டும். இரண்டாவதாக, அறந்தாங்கி அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கோடையில் மயங்கி வருவோரின் உடல்வெப்பத்தை அளந்து பதிவுசெய்வது கட்டாயமாக வேண்டும். அந்த ஒற்றைக் குறிப்பு இருந்தால்தான் பின்னர் சான்றளிக்க முடியும். மூன்றாவதாக, கேரளத்தைப் போல நண்பகல் ஓய்வு ஆணையைத் தொழிலாளர் துறை பிறப்பித்து, அரசுப் பணிகளில் முதலில் நடைமுறைப்படுத்த வேண்டும். நான்காவதாக, கடற்கரையோரப் புயல் பாதுகாப்பு மையங்களையும் கோடை விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிக் கட்டடங்களையும் நூலகங்களையும் மின்விசிறி, குடிநீர், கழிப்பறை ஆகிய வசதிகளோடு பகல்நேரக் குளிர்விடங்களாகத் திறந்துவைக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருப்பதால், கடற்கரை ஊர்களில் மக்கள் கரையில் இருக்கும் காலமும் அதுவே. இவை அனைத்துக்கும் ஊராட்சியளவில் பெயர் குறிப்பிட்டு ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும்.

செலவு எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். பேரிடர் நிதியில் அனுமதிக்கப்பட்ட 10 சதவீதத்தின் ஒரு பங்கை, மரணத்துக்குப் பிறகான நிவாரணத்துக்காக மட்டும் காத்து வைக்காமல், மரணத்தைத் தவிர்க்கும் பணிகளுக்கு முன்கூட்டியே மாவட்டங்களிடம் அளிப்பதே விடை. ஓர் உயிருக்கு ரூ.4 லட்சம் கொடுக்கத் தயாராக இருக்கும் அரசுக்கு, அந்த உயிர் பிரியாமல் இருக்க ஒரு நிழற்கூரைக்கும் ஒரு கழிப்பறைக்கும் செலவழிப்பது இலாபமே தவிர இழப்பன்று.

வெப்ப அலையைப் பேரிடர் என்று அறிவித்ததன் மூலம், வெயிலில் விழுந்து இறப்பது தலைவிதி என்ற எண்ணத்தைத் தமிழ்நாடு முறித்திருக்கிறது. எஞ்சியிருப்பது, அந்த அறிவிப்பைப் பட்டியலில் வராத ஊர்களுக்கும் கொண்டுசேர்ப்பது. அடுத்த சித்திரையில் அறந்தாங்கியின் பெயர் நாளிதழின் வெப்பப் பட்டியலில் வருகிறதா, இல்லையா என்பது பொருட்டன்று. அந்த நண்பகலில் சாரத்தில் நிற்கும் சித்தாளுக்கு, யாரிடமும் கெஞ்சாமல் இறங்கி வந்து நிழலில் உட்கார உரிமை இருக்கிறதா என்பதே பொருட்டு.